அலாஸ்காவில் சாலை எங்கே நிற்க வேண்டும்?

ஜூன் மாதத்து அலாஸ்காவில் இருட்டு என்று சொல்லத்தக்க இருட்டே கிடையாது. ஃபேர்பேங்க்ஸ் நகரத்தில் அந்த மாதம் 21-ஆம் தேதி சூரியன் ஏறக்குறைய 22 மணி நேரம் வானில் இருக்கும்; மிச்ச நேரமும் அந்தி வெளிச்சம்தான். கோடையின் இந்த நீண்ட பகலை நம்பித்தான் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் வடக்கே வண்டி கட்டுகிறார்கள். மலையிடுக்கில் நீலம் பாய்ந்து தொங்கும் பனியாறுகள், சாலையோரக் குட்டையில் முழங்கால் நீரில் நின்று மேயும் மூஸ் மான்கள், குட்டிகளோடு காட்டுப் பழம் தின்னும் கிரிஸ்லி கரடிகள் என்று அவர்கள் தேடிப்போவது எல்லாமே கார் ஜன்னல் வழியாகவே கிடைத்துவிடும். ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் வேறொரு விஷயம் கண்ணில் படும். இந்தியாவின் பரப்பில் பாதிக்கு மேல் இருக்கும் இந்த மாநிலத்தில் நெடுஞ்சாலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தலைநகரான ஜூனோவுக்கே வெளியூரிலிருந்து சாலை கிடையாது. கப்பலிலோ விமானத்திலோதான் போக வேண்டும். மேற்கிலும் வடக்கிலும் உள்ள பெரும்பாலான கிராமங்களின் நிலையும் அதுதான். இந்தக் கோடைப் பயணத்தை ஒரு சாலையின் பெருமையாகவே சுற்றுலா விளம்பரங்கள் பேசுகின்றன. உண்மையில் அங்கே காணக் கிடைக்கும் காடும் விலங்கும் மிஞ்சியிருப்பதற்குக் காரணம், சாலையைப் போட்டவர்களைவிட, அதை ஓர் இடத்தில் நிறுத்தியவர்கள்தான். வடக்கின் சாலைகள் எப்படி வந்தன, அவற்றின் பின்னால் என்னென்ன வந்தன, இப்போது அந்த நிலமே சாலைகளை என்ன செய்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும்.

அலாஸ்காவைத் தரைவழியாக இணைத்தது போர். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும், வடமேற்கு மூலையில் தனித்துக் கிடந்த அலாஸ்காவைப் பற்றிய கவலை அமெரிக்க ராணுவத்தைப் பிடித்துக்கொண்டது. 1942 மார்ச்சில், கனடாவின் டாசன் கிரீக்கிலிருந்து அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை சாலை போடும் வேலை தொடங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் இறக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தனிப் படைப்பிரிவுகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்த கறுப்பின வீரர்கள். எட்டே மாதத்தில், அக்டோபர் கடைசியில், இரு முனைகளிலிருந்தும் வந்த பாதைகள் ஒன்றுசேர்ந்தன. இந்த அவசரத்தில் அவர்கள் பட்ட பாடு ஒன்று இன்றைக்கும் பாடமாக நிற்கிறது. அந்த நிலத்தின் அடியில் ஆண்டு முழுவதும் உருகாத உறைமண் இருக்கிறது. மேலே போர்த்தியிருக்கும் பாசியும் தழைச்சத்தும்தான் கோடை வெப்பம் உள்ளே இறங்காமல் தடுக்கின்றன. புல்டோசர்கள் தங்கள் வழக்கப்படி அந்தப் போர்வையைச் சுரண்டித் தள்ளியதும் வெயில் நேரே உறைமண்ணில் விழுந்தது. சில நாட்களில் பாதை சேறாகி, லாரிகள் அச்சு வரை புதைந்தன. பிறகு முறையை மாற்றினார்கள். பாசியைக் கிளறாமல், வெட்டிய மரங்களை அதன்மேல் வரிசையாகக் குறுக்கே அடுக்கி, அதற்கு மேல் மண்ணும் சரளையும் கொட்டினார்கள். அதாவது, நிலத்தின் தோலை உரிக்காத வரைதான் அங்கே சாலை நிற்கும் என்பதை அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் சேற்றில் நின்று கற்றுக்கொண்டார்கள்.

பாதை வந்ததும் அதன் வழியே துப்பாக்கியும் வந்தது. சாலை வேலைக்கு வந்தவர்களும் படைவீரர்களும் கனடாவின் யூகான் பகுதியில் உள்ள குளுவானி ஏரியைச் சுற்றிய மலைகளில் வகைதொகையில்லாமல் வேட்டையாடினார்கள். வெள்ளை ரோமம் போர்த்திய டால் மலையாடுகளுக்குப் பேர்போன இடம் அது. நிலைமை கைமீறுவதைக் கண்ட அரசு 1943-இல் அங்கே ஒரு விலங்குச் சரணாலயத்தை அறிவித்து வேட்டையைத் தடை செய்தது. தடை யார்மேல் விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சாலைப் பணியாளர்கள் வேலை முடிந்து ஊர் திரும்பிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மலையிலேயே வேட்டையாடி வாழ்ந்த சதர்ன் டச்சோனி பழங்குடியினர் தங்கள் சொந்த நிலத்திலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள். பின்னாளில் அங்கே தேசியப் பூங்கா உருவாகி, உலக மரபுச் சின்னமாகவும் ஆனது. ஆனால் அந்த மக்களின் உரிமைகளை ஏற்கும் ஒப்பந்தங்கள் வர அரை நூற்றாண்டு ஆயிற்று. அவர்களில் ஷாம்பெயின்-ஐஷிஹிக் பிரிவினரோடு 1993-இலும், குளுவானி பிரிவினரோடு 2003-இலும் அவை கையெழுத்தாயின. காட்டைக் காக்கிறோம் என்று பேசும் யாரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது. சாலை கொண்டுவந்த சேதத்துக்குச் சாலை போடாதவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். முதலிலேயே பாதையின் மீது கட்டுப்பாடு வைக்காவிட்டால், பிற்பாடு மனிதர்கள் மீது, அதிலும் எளியவர்கள் மீது, கட்டுப்பாடு வந்து விழுகிறது.

இதற்கு மாறான வழியும் அதே வடக்கில் இருக்கிறது. அலாஸ்காவின் நடுப்பகுதியில், வட அமெரிக்காவின் மிக உயரமான சிகரத்தைச் சூழ்ந்திருக்கிறது டெனாலி தேசியப் பூங்கா. சார்லஸ் ஷெல்டன் என்ற வேட்டைக்காரர் 1907–08 குளிர்காலத்தை அங்கேயே கழித்து டால் மலையாடுகளைக் கவனித்தவர். சுரங்கத் தொழிலாளர்களுக்கும் ரயில்பாதைப் பணியாளர்களுக்கும் இறைச்சி விற்பவர்கள் ஆடுகளைத் தீர்த்துக்கட்டிவிடுவார்கள் என்று கண்டு அவர் பல ஆண்டுகள் முயன்றதன் பலனாக 1917-இல் பூங்கா அமைந்தது. 1923 முதல் 1938 வரை பூங்காவுக்குள் 148 கிலோமீட்டருக்கு ஒரு மண்பாதை போடப்பட்டது. வருபவர்கள் குறைவாக இருந்த காலம் வரை தொல்லை இல்லை. 1971-இல் ஆங்கரேஜையும் ஃபேர்பேங்க்ஸையும் இணைக்கும் பார்க்ஸ் நெடுஞ்சாலை பூங்காவின் வாசலைத் தொட்டது. இனி ஊரிலுள்ள கார்களெல்லாம் உள்ளே வரும் என்பது தெளிவாகிவிட்டது. நிர்வாகத்துக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன: பாதையை அகலப்படுத்தித் தார் போடலாம்; இல்லையென்றால் கார்களை நிறுத்தலாம். ஓநாய்களைப் பற்றிய ஆய்வால் புகழ்பெற்ற உயிரியலாளர் அடால்ஃப் மியூரி, பாதையை அகலப்படுத்தக் கூடாது என்று அதற்கு முன்பே வாதாடிவந்தார். 1972-இல் இரண்டாவது வழியைத் தேர்ந்தார்கள். 24-ஆவது கிலோமீட்டரில் சாவேஜ் ஆற்றோடு சொந்த வண்டிகள் நின்றுவிட வேண்டும். அதற்கப்பால் பூங்காவின் பேருந்துதான். கோடைப் பருவம் முழுவதற்கும் 10,512 வண்டிப் பயணங்கள் என்ற உச்சவரம்பு 1986-இல் வகுக்கப்பட்டது.

அந்தப் பேருந்து எப்படிப் போகிறது என்பதைப் பார்த்தாலே இந்த ஏற்பாட்டின் நுட்பம் புரியும். பள்ளிக்கூடப் பேருந்து போன்ற எளிய வண்டி. சாவேஜ் ஆற்றுக்கு அப்பால் பாதை தார் காணாத சரளைப் பாதை. மலை விளிம்புகளில் தடுப்புச் சுவர்கூட இல்லாத இடங்கள் உண்டு. விலங்கைக் கண்ட பயணி யாராயினும் 'நிறுத்துங்கள்' என்று குரல் கொடுத்தால் ஓட்டுநர் நிறுத்திவிடுவார். பேச்சைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டக் கூடாது. தின்பண்டம் எதுவும் வெளியே போகக் கூடாது. நடந்து பார்க்க விரும்புகிறவர் வழியில் இறங்கிக்கொண்டு, இடமிருக்கும் அடுத்த பேருந்தைக் கைகாட்டி ஏறிக்கொள்ளலாம். ஆனால் கரடியிலிருந்து 300 கஜத் தூரம் விலகியே இருக்க வேண்டும். இதனால், இரண்டு தலைமுறையாக அந்தப் பாதையில் போகும் வண்டியைக் கரடிகள் ஆபத்தாகவும் பார்க்கவில்லை, உணவு தரும் இடமாகவும் பார்க்கவில்லை. பாதையோரத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். இன்னும் நுணுக்கமான விதி ஒன்றும் உண்டு. மலையாடுகள் பருவத்துக்குப் பருவம் ஒரு மலைத்தொடரிலிருந்து இன்னொன்றுக்குப் பாதையைக் கடந்து போகும். வண்டிகள் இடைவிடாமல் வந்தால் அவை தயங்கித் திரும்பிவிடும். ஆகவே, ஆடுகள் கடக்கும் இடங்களில் மணிக்கு ஒருமுறையாவது 10 நிமிடம் எந்த வண்டியும் வராத இடைவெளி இருக்க வேண்டும் என்று 2012-இல் வகுத்த போக்குவரத்துத் திட்டம் சொல்கிறது. ஆட்டின் தயக்கத்துக்குப் பேருந்து நேர அட்டவணையில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வனவிலங்கு மேலாண்மை என்று பெரிதாகப் பேசப்படுவது நடைமுறையில் இத்தகைய சிறு கணக்குகள்தான்.

கட்டுப்பாடில்லாத சாலை என்ன செய்யும் என்பதற்கும் அலாஸ்காவிலேயே சான்று உண்டு. ஃபேர்பேங்க்ஸுக்கு வடக்கே ஆர்க்டிக் கடற்கரையின் எண்ணெய் வயல்கள் வரை 666 கிலோமீட்டர் ஓடும் டால்டன் நெடுஞ்சாலை, எண்ணெய்க் குழாய் போடுவதற்காக அமைக்கப்பட்டது; அதன் பெரும்பகுதி 1974-இல் 154 நாட்களில் போடப்பட்டது. யூகான் நதிக்கு வடக்கே சாலையின் இருபுறமும் எட்டு கிலோமீட்டர் வரை துப்பாக்கி வேட்டை கூடாது, வில் அம்பு மட்டுமே பயன்படுத்தலாம் என்று மாநிலமே விதி வைத்திருக்கிறது. சாலைக்கு எட்டிய தூரம் வரை விலங்குக்கு நிம்மதி இல்லை என்பதை அந்த அரசே ஒப்புக்கொண்ட விதி அது. சாலையின் பாதிப்பு துப்பாக்கியோடும் முடிவதில்லை. வடமேற்கே ரெட் டாக் சுரங்கத்திலிருந்து கடலோரத் துறைமுகத்துக்கு 84 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு லாரிப் பாதை இருக்கிறது. அங்கே பட்டை கட்டிக் கண்காணித்த கரிபூ மான்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இலையுதிர்கால இடப்பெயர்வின்போது அந்தப் பாதையைக் கண்டு தடுமாறின. அவை அதைக் கடக்கச் சராசரியாக ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டன என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. தயங்காத மான்கள் சில நாட்களில் கடந்துவிட்டன. இந்த மான்கள் சேர்ந்த மேற்கு ஆர்க்டிக் மந்தையில் 2003-இல் 4.9 லட்சம் மான்கள் இருந்தன, 2023-இல் 1.52 லட்சம்தான். இந்தச் சரிவுக்கு ஒற்றைச் சாலை காரணம் என்று சொன்னால் அது மிகை. காலநிலை மாற்றம் உட்படப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. ஏற்கெனவே மெலிந்துவரும் மந்தைக்கு, குளிர் தொடங்கும் நேரத்தில் ஒரு மாதத் தாமதம் சின்ன விஷயமல்ல என்பதுதான் இங்கே பொருள்.

பனியாறுகளின் கதை வேறு. ஓரிடத்தில் சாலையை நிறுத்தியதற்காகப் பனி உருகாமல் இருக்கப்போவதில்லை. ஆனால் உருகுவதைக் கண்ணால் பார்க்க வைத்தது சாலைதான் என்பதைச் சொல்லியாக வேண்டும். சூவர்ட் என்ற துறைமுக ஊருக்கு அருகில், கீனை ஃபியர்ட்ஸ் தேசியப் பூங்காவில், எக்ஸிட் பனியாறு இருக்கிறது. பெரும் பனிவெளியும் கடற்கழிகளும் நிறைந்த அந்தப் பூங்காவில் சாலை எட்டும் ஒரே மூலை அதுதான். அதை நெருங்கும்போது பாதையோரத்தில் ஆண்டு மட்டும் எழுதிய பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 1815-ஐத் தாண்டி, 1899, 1917, 1926, 1951 என்று போகும். ஒவ்வோர் ஆண்டிலும் பனியின் நுனி எதுவரை இருந்தது என்பதை அவை காட்டுகின்றன. பழைய பலகைகளைச் சுற்றி இப்போது பெரிய மரங்கள். பலகைகளின் ஆண்டு கூடக் கூட மரங்கள் குட்டையாகி, புதராகி, கடைசியில் மொட்டைப் பாறையில் போய் முடியும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பனி பின்வாங்கியிருக்கிறது. 2015-இல் அதிபர் ஒபாமா அங்கே நடந்து போனபோது உலகச் செய்தியானவை இந்தப் பலகைகள்தான். சூவர்டுக்கு வரும் நெடுஞ்சாலையில் வடக்கே போர்ட்டேஜ் என்ற இடத்தில், பனியாற்றைக் கண்ணாடி ஜன்னல் வழியே காட்டுவதற்கென்றே 1986-இல் ஒரு பார்வையாளர் மையம் கட்டினார்கள். இன்றைக்கு அந்த ஜன்னலில் தெரிவது ஏரி மட்டுமே. பனியாறு மலை வளைவுக்குப் பின்னால் போய்விட்டது. பார்க்க வேண்டுமானால் படகிலோ மலைநடையாகவோ போக வேண்டும். ஒரு கட்டடத்தின் ஆயுளுக்குள் அது கட்டப்பட்டதன் நோக்கமே காலாவதியாகிவிட்டது. புள்ளிவிவர அட்டவணை எதுவும் இவ்வளவு தெளிவாகப் பேசாது.

பனி பின்வாங்கினால் பனிக்காட்சி மட்டும்தான் போகும் என்றும் நினைத்துவிட முடியாது. ஆறே திசை மாறிப்போகும். முன்னே சொன்ன குளுவானி ஏரியின் தென்முனையில் அலாஸ்கா நெடுஞ்சாலை ஸ்லிம்ஸ் ஆற்றைக் கடக்கிறது. கஸ்காவுல்ஷ் என்ற பெரும் பனியாற்றின் நுனியில் உருகும் நீர் நெடுங்காலமாக இரண்டாகப் பிரிந்து ஓடியது. ஒரு பங்கு ஸ்லிம்ஸ் வழியாக வடக்கே ஏரிக்கும், அங்கிருந்து யூகான் நதி வழியாகப் பெரிங் கடலுக்கும் போனது. இன்னொரு பங்கு தெற்கே திரும்பி அல்செக் ஆற்றின் வழியாகப் பசிபிக்கில் விழுந்தது. 2016 மே மாதக் கடைசியில் பனியின் நுனியை அறுத்துக்கொண்டு ஒரு புதிய கால்வாய் பிறந்தது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ மொத்த நீரும் தெற்கே போய்விட்டது. ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தது. ஆறு ஓடிய அகன்ற படுகையில் காற்றடித்தால் இப்போது புழுதிதான் எழும்புகிறது. ஓர் ஆறு இன்னோர் ஆற்றின் நீரைப் பறித்துக்கொள்வதைப் பற்றி நிலவியலாளர்கள் பழங்காலப் பாறைகளில்தான் படித்திருந்தார்கள். நம் காலத்தில், கண்ணெதிரே, வெப்பமயமாதலால் அது நடந்ததை 2017-இல் 'நேச்சர் ஜியோசயன்ஸ்' ஆய்விதழ் பதிவுசெய்தது. பாலத்தின் மேல் கார் போகும் அரை நிமிடத்தில் பயணி பார்ப்பது வறண்ட மணல்வெளிதான். அதன் பின்னால் இரண்டு கடல்களின் கணக்கு மாறியிருக்கிறது என்பது அங்கே இறங்கி விசாரிப்பவருக்கே தெரியவரும்.

இதே வெப்பம் சாலையையும் விடவில்லை. டெனாலிப் பாதையின் ஏறக்குறைய நடுவில், பிரிட்டி ராக்ஸ் என்ற மலைச்சரிவில், அடியில் பனிக்கட்டி கலந்த மண்ணும் பாறையும் இருக்கின்றன. பல பத்தாண்டுகளாக அந்தச் சரிவு ஆண்டுக்குச் சில அங்குலம் என்ற அளவில் நகர்ந்துகொண்டிருந்தது. பள்ளத்தை நிரப்பினால் போதுமாக இருந்தது. 2014-க்குப் பிறகு வேகம் கூடியது. ஆண்டுக்கணக்கு மாதக்கணக்காகி, பிறகு வாரக்கணக்காகி, 2021 ஆகஸ்டில் மணிக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் என்ற நிலைக்கு வந்துவிட்டது. லாரி லாரியாகச் சரளை கொட்டியும் ஈடுகட்ட முடியாமல், அந்த மாதம் 69-ஆவது கிலோமீட்டரில் பாதையை மூடினார்கள். அதற்கப்பால் உள்ள தங்கும் விடுதிகளுக்குச் சிறு விமானம் மட்டுமே வழி என்றாகிவிட்டது. சரிவைத் தாண்டிச் செல்ல ஏறத்தாழ 145 மீட்டர் நீளத்தில் இரும்புப் பாலம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். அதன் அடித்தளத்து மண் உருகிவிடாமல் வெப்பத்தை வெளியே இழுத்துவிடும் குழாய்களைப் பதிக்கவும் திட்டமிட்டார்கள். பாலத்துக்கு ஆகும் செலவு பத்துக் கோடி டாலருக்கு மேல். ஏற்கெனவே இருக்கும் ஒரு மண்பாதையில் ஒரே ஒரு சரிவைத் தாண்டுவதற்கான செலவு இது. 1942-இல் பாசியை உரித்ததால் ஆங்காங்கே சேறானது. இப்போது வானமே வெம்மை கூடிப் போர்வையை உரிக்கிறது. ஆகவே உறைமண் நிலத்தில் இனிப் போடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் காலமெல்லாம் பழுதுபார்ப்புக் கடனாகத்தான் வந்து நிற்கும். விலங்குகளின் மேல் இரக்கமே இல்லாதவரும் இந்தக் கணக்கை மறுக்க முடியாது.

இனி எதிர்வாதங்கள். சாலையை நிறுத்துவது வசதியும் உடல்பலமும் உள்ளவர்களுக்குக் காட்டைத் தாரைவார்ப்பதல்லவா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. சாலையும் நடைபாதையும் அறவே இல்லாத கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் போன்ற பூங்காவுக்குப் போவதென்றால் சிறுவிமான வாடகைக்கே பெரும்பணம் வேண்டும்; முதியவர்களும் குழந்தைகளும் எளிதில் அங்கே போக முடியாது. ஆனால் டெனாலி காட்டுவது சாலையே கூடாது என்ற நிலைப்பாட்டை அல்ல. ஒரு பாதை உண்டு; அதில் எல்லோரும் ஏறக்கூடிய வண்டி உண்டு; சக்கர நாற்காலியை ஏற்றும் வசதி உண்டு; பொதுப் பேருந்தில் 15 வயது வரை கட்டணம் இல்லை. கார் ஓட்டத் தெரியாதவரும், சரளைப் பாதையில் காரை எடுத்துப்போக வாடகை நிறுவனம் அனுமதிக்காதவரும் அதில் போகலாம். கார்களைத் தாராளமாக விட்டிருந்தால் கிடைத்திருப்பது சமத்துவமல்ல, நெரிசல்தான். ஒரு கரடிக்குப் பின்னால் ஐம்பது கார்கள் வரிசை கட்டி நிற்கும்போது பத்தாவது காரில் இருப்பவர் பார்ப்பது முன்னால் நிற்கும் காரின் பின்புறத்தை. ஒரு பேருந்தில் நாற்பது பேர் போனால் நாற்பது பேரும் பார்க்கிறார்கள். 2021-இல் பாதையின் பின்பாதி மூடப்பட்ட பிறகும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அங்கே வருவது நிற்கவில்லை. காட்டின் இன்பம் கிலோமீட்டர் கணக்கில் கூடுவதில்லை என்பதை இது காட்டுகிறது. கடலிலும் இதே முறை இருக்கிறது. கிளேசியர் பே பூங்காவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை.

இதைவிடக் கனமான எதிர்வாதம் உள்ளூர்க்காரர்களுடையது. சுற்றுலாப் பயணிக்குச் சாலை பொழுதுபோக்கு. கிராமத்தில் இருப்பவருக்கு அது மருத்துவமனை, மளிகை, எரிபொருள். விமானத்திலும் படகிலும் வந்து இறங்கும் எண்ணெய்க்கு அவர்கள் கொடுக்கும் விலை தெரிந்தால், தூரத்தில் இருந்துகொண்டு 'காட்டைக் கெடுக்காதீர்கள்' என்று உபதேசம் செய்ய மனம் வராது. ஓர் ஊர் தனக்கென்று சாலை கேட்டால் அதை முடிவுசெய்யும் உரிமை அந்த ஊருக்கே முதலில் உண்டு. குளுவானியில் நடந்ததைப் படித்த பிறகு இதில் மறுபேச்சே இருக்க முடியாது. ஆனால் இன்று பெரும் சர்ச்சையாக நிற்கும் ஆம்ப்ளர் சாலை அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. டால்டன் நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே 340 கிலோமீட்டர், கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்கின் ஒரு பகுதியையும் கடந்து, செம்பும் துத்தநாகமும் எடுக்கும் நிலப்பரப்புக்குப் போவதற்கான திட்டம் அது; பொதுமக்களுக்கு அனுமதி இல்லாத சுரங்கச் சாலையாகவே முன்வைக்கப்பட்டது. 2024-இல் அமெரிக்க நில மேலாண்மைத் துறை அதை நிராகரித்தது. 2025 அக்டோபரில் அதிபர் டிரம்ப் அந்த முடிவைத் திருப்பினார். வேலைவாய்ப்பை எண்ணி ஆதரிப்பவர்களும், கரிபூவையும் மீனையும் எண்ணி எதிர்ப்பவர்களும் பழங்குடி மக்களிடையேயே இருக்கிறார்கள். மின்சாரக் கார்களுக்குச் செம்பு வேண்டாமா என்ற கேள்வியும் எழுகிறது. வேண்டும்தான். ஆனால் அந்தச் செம்பை எடுத்துவரும் சாலைக்கான செலவில் கரிபூவின் ஒரு மாதத் தாமதத்தையும், உருகும் மண்ணின் பராமரிப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 'பொதுமக்கள் வரமாட்டார்கள்' என்ற உறுதிமொழிக்கு டால்டனே பதில். எண்ணெய்க் குழாய்க்கென்று போட்ட அந்தச் சாலை 1994-இல் கடைசி வரை எல்லோருக்கும் திறக்கப்பட்டது. போட்ட சாலை போட்ட நோக்கத்தோடு நிற்பதில்லை.

மூன்றாவது எதிர்வாதம் பயணிகளை நோக்கியது. உருகும் பனியைப் பார்க்க விமானமேறிப் போகிறவர் அந்த உருகலுக்குத் தன் பங்கையும் சேர்க்கிறாரே? இதை மழுப்ப முடியாது. கண்டம் விட்டுக் கண்டம் தாண்டும் விமானப் பயணத்தின் புகை எந்தப் பேருந்து ஏற்பாட்டாலும் கழிந்துவிடாது. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு, யாரும் போகக் கூடாது என்பதைவிட, போகிறவர் எப்படிப் போக வேண்டும் என்பதைப் பற்றியது. பத்து நாளில் பத்து இடம் என்று பறப்பதைக் காட்டிலும், ஒருமுறை போய், ஒரு நெடுஞ்சாலையை எடுத்துக்கொண்டு, பொது வண்டியிலும் ரயிலிலும் நிதானமாகப் பார்ப்பது எல்லா வகையிலும் குறைந்த சேதம். இன்னோர் எதிர்வாதமும் உண்டு: பூங்காவுக்குள் கோடு போட்டுவிட்டால் விலங்குக்கு அது தெரியுமா? தெரியாது. டெனாலியின் வடகிழக்கு எல்லைக்கு வெளியே ஓநாய்களுக்குப் பொறி வைப்பது 2000 முதல் 2010 வரை தடை செய்யப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் பேருந்துப் பயணிகளின் கண்ணில் ஓநாய் பட்ட வாய்ப்பு அதிகம். தடை நீங்கிய பின் அது வெகுவாகச் சரிந்தது. ஆகவே சாலையை நிறுத்துவது மட்டும் போதாது என்பது மெய். அதனால் அது வேண்டியதில்லை என்றாகிவிடாது. உள்ளே கோடு வேண்டும்; கோட்டுக்கு வெளியேயும் விலங்கு நடமாடும் தூரம் வரை பொறுப்பு வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிவிடுவது, இரண்டையும் செய்யாமல் இருப்பதற்கான சாக்கு.

வடக்கின் அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால், சாலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதே பிசகு என்று தோன்றுகிறது. 1942-இல் போர்க்கால அவசரத்தில் யாரையும் கேட்காமல் போட்ட சாலைதான் இன்று ஆயிரக்கணக்கானோருக்கு அந்த நிலத்தைக் காட்டுகிறது. எக்ஸிட் பனியாற்றின் பலகைகளும் குளுவானியின் வறண்ட படுகையும் சாலை இல்லாவிட்டால் ஆய்வுக் கட்டுரைகளுக்குள் மட்டும் கிடந்திருக்கும். கேட்க வேண்டியவை வேறு. யாருக்காக இந்தச் சாலை? அதில் எத்தனை வண்டிகள் போகலாம்? எந்த இடத்தில் அது முடிய வேண்டும்? அந்த முடிவை எடுப்பவர்கள் அந்த நிலத்தில் வாழ்கிறவர்களா, வரைபடத்தில் கோடு இழுப்பவர்களா? பராமரிக்கும் செலவு யார் தலையில்? டெனாலி இந்தக் கேள்விகளை நெரிசல் வந்த பிறகு கேட்கவில்லை. நெடுஞ்சாலை வாசலைத் தொட்ட மறு ஆண்டே கேட்டது. அதனால்தான் அங்கே சட்டத்தையும் வேலியையும் விட எளிதான கருவி, ஒரு பேருந்தும் நேர அட்டவணையும், போதுமானதாக இருந்தது. தாமதித்த இடங்களில் எல்லாம் தடையும் வழக்கும் இழப்பீடும் தேவைப்பட்டன. புதிய சாலைக்கு அனுமதி கொடுக்கும்போதே அதன் கடைசிக் கல்லை எங்கே நடுவது, அதில் எத்தனை வண்டிகளை விடுவது என்று எழுதி வைத்துவிட வேண்டும். போட்ட பிறகு அதைச் சுருக்கிய அரசுகள் அரிது. அந்தப் பக்கம் கோடைப் பயணம் போகிறவர்களும் இந்த ஏற்பாட்டில் பங்காளிகள்தான். காரை நிறுத்தச் சொல்லும் இடத்தில் முணுமுணுக்காமல் நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறுகிற ஒவ்வொருவரும், அந்தக் கட்டுப்பாடு செல்லும் என்பதற்கு வாக்களிக்கிறார்.